குறையாத தண்ணீர்

தொட்டியில் தண்ணீர் குறையவில்லை.

இதை ஒரு குறையென்று யாரிடம் போய்ச் சொல்வது? பல் தேய்த்த ஈரம் வாயில் இருக்கும்போதே அவன் கூடத்துக்கு வந்து, கண்ணாடியின் ஓரத்தில் அளவுக்காக ஒட்டிவைத்திருந்த கறுப்பு டேப்பைக் குனிந்து பார்த்தான். தண்ணீரின் விளிம்பு டேப்பின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. முந்தாநாளும் அங்கேதான் நின்றது. அக்வேரியம் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கடல் தொட்டின்னா தண்ணி ஆவியாகிக்கிட்டே இருக்கும் சார். உப்பு எங்கயும் போகாது, தண்ணி மட்டும்தான் போகும். தினமும் ஒரு விரலாவது இறங்கும். இறங்கின அளவுக்கு நல்ல தண்ணி ஊத்திடணும். மறந்தீங்கன்னா உப்பு ஏறி, உள்ள இருக்கறது பூரா செத்துடும்."

அந்த நல்ல தண்ணீரை வடிகட்டி, மூடி போட்ட வாளியில் பிடித்து, ஸ்டாண்டுக்குக் கீழே தயாராக வைத்திருந்தான். மூடியைத் திறக்க இதுவரை வேலையே வரவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பதே பிழைப்பு. அரை விரல் ஏறி நின்றாலும் அவனுக்குக் கண்ணில் உறுத்தும், ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று புத்தி தானாகக் காரணம் தேடப் போய்விடும். இங்கே மட்டம் சரியாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

"தொட்டிக்குத் தண்ணி ஊத்தினியா நீ?"

சோபாவில் இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "என்னை எந்திரிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டு, வாளி தூக்கி ஊத்தினியான்னு கேக்கறீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்."

அவள் எழக்கூடாது என்பது டாக்டரம்மா போட்ட உத்தரவு. இதற்கு முன் இரண்டு முறை கரு நின்று, இரண்டு முறையும் நிலைக்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவள், வாங்கிவைத்திருந்த சின்னச் சின்னத் துணிகளை மடித்துப் பரணில் போட்டாள். இந்த முறை ஆறாவது மாதம் தாண்டிவிட்டது. கழிவறைக்குப் போவதைத் தவிர மற்ற நேரமெல்லாம் படுக்கைதான். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதால் கூடத்துச் சோபாவுக்கு வந்திருந்தாள். "இந்த ஃபேனோட ஒரு இறக்கை மத்த ரெண்டையும் விட அழுக்கா இருக்குங்க. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு" என்று அவள் வேடிக்கையாகச் சொன்ன அன்றுதான் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

லிஃப்ட் பார்க்கப் போன ஒரு கட்டடத்தில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் அப்படி ஒரு தொட்டி இருந்தது. வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட அதன் முன்னால் வாய் திறந்து நின்றார்கள். அவனும் டூல் பையைத் தோளில் போட்டபடி நின்றான். காற்றில்லாத இடத்தில் பூக்கள் காற்றுக்கு ஆடுவதுபோல் பவளங்கள் ஆடின. அன்று மாலையே கடையைத் தேடிப் போய்விட்டான்.

கடல் தொட்டி வைப்பதில் முக்கால்வாசி வேலை காத்திருப்பதுதான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. உப்புத்தூளைக் கரைத்து, கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உப்பளவு பார்த்து, மணலைக் கொட்டினால் தொட்டி முழுக்கப் பால்போல் கலங்கி நின்றது. பிறகு கல். வெறும் கல் இல்லை. துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கும் கல். அவைதான் தண்ணீரைப் பழக்கி, மீன் இருக்கத் தோதாக்கும். புதிய கல் என்றால் பழக நாளாகும் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் பின்கட்டிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிவந்தார்.

"இது ஓடிக்கிட்டிருந்த தொட்டியில இருந்து வந்தது சார். இதைப் போட்டீங்கன்னா சீக்கிரம் பிடிச்சுக்கும்."

"ஓடிக்கிட்டிருந்ததை ஏன் கலைச்சாங்க?"

"அது தெரியல. தொட்டி வச்சிருந்த அம்மா கல்லைத் தூக்கிட்டு வந்து அவங்க வீட்டு வாசல்லயே வச்சுட்டு நின்னாங்க. என்னை உள்ளகூட கூப்பிடல. விலை கேட்டா, எதுவும் வேண்டாம் எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க."

இரண்டு தலை அளவு இருந்தது கல். ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ப் படர்ந்த மேனி. ஒரு பக்கத்தில், யாரோ முழங்கையை மடக்கி அழுத்தி எடுத்ததுபோல் வழவழப்பான ஒரு குழி. சாக்கைப் பிரித்தபோது கடல் வாடைதான் வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வந்தது வேறு. வெந்நீரில் குளித்துவிட்டு வரும் உடம்பின் வாசனை.

பிடித்துக்கொண்டது உண்மைதான். மணலின் மேல் பழுப்பாய் ஒரு பாசி படிந்து, பயமுறுத்தி, தானாகவே வடிந்தது. நத்தைகள் வந்தன. காலிச் சங்குகளைச் சுமந்துகொண்டு துறவி நண்டுகள் வந்தன. ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. கடைசியாகப் பவளம். நகத்தளவே இருந்த காளான் பவளம் சிலவற்றை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழியின் விளிம்பில் ஒட்டினான். மனைவி சோபாவிலிருந்தபடியே மேஸ்திரி வேலை பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இல்லைங்க, உங்க இடது இல்லை, என் இடது. நீல விளக்கு அவள் வயிற்றின் மேல் அலையலையாக ஓடியது. பல நாள் கழித்து அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

அதனால்தான், தண்ணீர் குறையாததை அவன் முதலில் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்ளப் பார்த்தான். காற்றில் ஈரம் அதிகம் என்று சொல்லிக்கொண்டான். மூடி இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். வேலைக்குப் போன இடத்தில் நாலைந்து மாடி ஏறி இறங்கினால் மறந்துபோகும்.

அடுத்த வாரம் டேப் தண்ணீருக்குள் இருந்தது.

ஒரு நூல் அளவுதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஏறியிருந்தது. நல்ல தண்ணீர் வாளியின் மூடியில் தூசி அப்படியே இருந்தது. தண்ணீர் சேர்ந்திருந்தால் உப்பு நீர்த்துப்போயிருக்க வேண்டும். கருவியை எடுத்து ஒரு சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் பிடித்தான். கோடு இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. தண்ணீரைச் சேர்த்தது யாராக இருந்தாலும் உப்போடுதான் சேர்த்திருக்கிறார்கள்.

கையை உள்ளே விட்டவன் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

சூடு. கொதிக்கிற சூடு இல்லை. தூங்குகிற ஒருவரின் கழுத்தில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. ஹீட்டர்தான் கெட்டுப்போய் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கினான். இந்தச் சூட்டுக்குப் பவளமெல்லாம் வெளுத்துப்போயிருக்க வேண்டும். மாறாக, காளான்கள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, மடிப்பு மடிப்பாகக் குழியின் வாயைத் திரைபோல் மூடிவிட்டிருந்தன. மறுநாள் மாலை, பிடுங்கிய பிளக் தரையில் கிடக்க, தண்ணீரில் அதே சூடு இருந்தது.

வாசற்கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் துறவி நண்டு ஒன்று காய்ந்து கிடந்தது அன்றுதான்.

கண்ணாடி ஏறி, மூடியின் சந்தில் நெளிந்து, அத்தனை உயரத்திலிருந்து தரையில் விழுந்து, கூடம் முழுக்க ஊர்ந்து வந்திருக்கிறது. சங்கைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறது. துறவி நண்டு சங்கை விட்டு வெளியே வருவது என்றால், ஆள் எரிகிற வீட்டிலிருந்து உடுத்த துணியில்லாமல் ஓடி வருவதுபோல. அதைக் காகிதத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தான். நத்தைகள் எல்லாம் தண்ணீருக்கு மேலே, கண்ணாடியின் வறண்ட விளிம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. கோமாளி மீன் இரண்டும் மேல் மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன. தீனி போட்டான். திரும்பவில்லை. இரண்டும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மீனுங்க சாப்பிடலையே" என்றான்.

"எனக்கும்தான் ஒண்ணும் இறங்கல" என்றாள் மனைவி. "தண்ணி மட்டும்தான். குடிச்சுக்கிட்டே இருக்கேன், தாகம் அடங்க மாட்டேங்குது. அந்த ஜக்கை இன்னொரு தடவை ரொப்பிக் குடுங்க."

உதடு வெடித்திருந்தது. ஜக்கை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்து, தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்கக் குடித்தாள். கடைசி மடக்கு வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, ஏன் என்று தெரியாமலே, தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

டாக்டரம்மா ஸ்கேன் செய்துவிட்டு நெற்றியைச் சுருக்கியது அந்த வாரம்தான். "பனிக்குடத்துல தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, நிறைய தண்ணி குடிக்கட்டும். அடுத்த வாரம் மறுபடி பாப்போம்." அவன் தலையாட்டினான். அவன் கவனம் முழுக்க அந்த அறையில் ஓடிய சத்தத்தில் இருந்தது. குழந்தையின் இதயத்தைக் கேட்பதற்காக வயிற்றில் கருவியை வைத்து ஒலியைக் கூட்டியிருந்தார்கள். தூரத்தில் ஒரு குதிரை ஈர மண்ணில் ஓடுவதுபோல், விடாமல், வேகமாக. டக்கு டக்கு டக்கு டக்கு.

அதை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். இந்த அறையில் இல்லை.

எங்கே என்று வீட்டுக்கு வந்ததும் புரிந்தது. பம்ப்பின் இரைச்சலுக்கு அடியில் பல நாட்களாக ஒரு தட்டல் இருந்தது. பேரிங் தேய்ந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தான். இப்போது டூல் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் பிடியைக் காதில் வைத்து, முனையைப் பம்ப்பின் மேல் வைத்தான். மோட்டார் அறையில் எந்த உருளை அழுகிறது என்று கண்டுபிடிக்க அவன் தினமும் செய்கிற காரியம். பம்ப் சுத்தமாக ஓடியது. ஒரு பிசிறு இல்லை. முனையை நகர்த்திக் கண்ணாடியில் வைத்தான்.

டக்கு டக்கு டக்கு டக்கு.

பம்ப்பின் சுவிட்சை அணைத்தான். இரைச்சல் நின்றது. தண்ணீர் அசைவற்று நின்றது. மீன்கள் நின்றன.

டக்கு டக்கு டக்கு டக்கு.

"ஏங்க, ஏன் ஆஃப் பண்ணிட்டீங்க? குட்டிக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருக்கு. அது ஓடினாத்தான் தூங்கறான்" என்றாள் மனைவி பின்னாலிருந்து. அவன் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.

யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? கூட வேலை பார்ப்பவனிடம் பேச்சோடு பேச்சாகத் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்றான். கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒழுகுதுன்னு அழுறவனைப் பாத்திருக்கேன். ஏறுதுன்னு அழுறவன் நீதான்யா." கடைக்காரருக்கு போன் போட்டான்.  அவர், கல்லைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம். மனைவி சாப்பிட்டும் சாப்பிடாமலும் அசந்துபோயிருந்தாள். டேப் எங்கோ ஆழத்தில் கிடந்தது. கோமாளி மீன்கள் இல்லை. இறந்தும் கிடக்கவில்லை, இல்லை, அவ்வளவுதான். காளான் மடிப்புகளின் ஓரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அது பம்ப்பின் ஓட்டத்தால் இல்லை.

போதும் என்று தோன்றியது. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையை வாளிக்குள் விட்டு உறிஞ்சினான். வாய்க்குள் கொஞ்சம் வந்துவிட்டது. வெதுவெதுப்பாக, உப்போடு. ஆனால் அதில் கடல் ருசி இல்லை. துப்பினான். வாளி நிரம்பியது. பாத்ரூமுக்குத் தூக்கிப் போய்ச் சாய்த்தான். ஆவி பறந்தது. அந்தக் குளித்த உடம்பின் வாசனை கதவிடுக்கு வரை நிறைந்தது. இன்னொரு வாளி. அதையும் சாய்த்தான். நீர் வட்டமாகச் சுழன்று, தரையின் வடிகால் ஜாலிக்குள் இறங்கி, கடைசியில் ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு போயே போய்விட்டது. டேப் தண்ணீருக்கு மேலே தெரிந்தபோது அவன் நெஞ்சில் வாரக்கணக்காக இருந்த ஒரு முடிச்சு தளர்ந்தது.

"ஏங்க..."

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, முகம் சாம்பல் பூத்து.

"என்னமோ பண்ணுதுங்க. உள்ள... உள்ள இறுக்குது. குட்டியைச் சுத்தி எல்லாம் இறுக்குது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முந்தைய முறை குழந்தையைச் சுற்றிக் கறுப்பாக அகலமாகத் தெரிந்த இடம் இப்போது ஒரு கீற்றாகச் சுருங்கியிருந்தது.

"போன வாரம் இருந்ததுல பாதிகூட இல்லையே. எங்கம்மா போச்சு இவ்வளவும்? துணி நனைஞ்சுதா? கசிவு ஏதாவது?"

"ஒரு சொட்டுகூட இல்ல டாக்டர்."

எங்கே போனதென்று அவனுக்குத் தெரியும். ஜாலியில் சுழன்று இறங்கியதை நின்று பார்த்தவன் அவன். இரண்டு வாளி. தன் கையால்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.  விட்டால் தொட்டி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். கொட்டினால், கொட்டுவது அவளைத்தான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களிடம் அவன் முதலில் சொல்வது, யாரும் அசையாதீர்கள் என்பதுதான். இப்போது அதையே தனக்குச் சொல்லிக்கொண்டான். அசையாதே. எதையும் தொடாதே.

அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். நரம்பில் ஊசி ஏற்றி, பாட்டில் பாட்டிலாக இறக்கினார்கள். அவளுடைய அக்கா பையோடு வந்து இறங்கி, கட்டிலைச் சரிசெய்து, போர்வையைச் சரிசெய்து, அவனையும் சரிசெய்யப் பார்த்தாள்.

"எத்தனை நாள் தம்பி இதே சட்டை? வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, அவளோட துணிமணியை எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்ல."

"அப்புறமா போறேன்க்கா."

"அப்புறம் அப்புறம்னா எப்ப? அந்தத் தொட்டியில இருக்கறதுங்களுக்காவது தீனி போட வேண்டாமா?"

வராந்தாவில் படுத்தே இரண்டு நாளை ஓட்டியவன், மூன்றாவது நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினான். வண்டியில் போகும்போது வழி தெளிந்தது. தண்ணீரைத் தொடக்கூடாது. சரி. கல்லை மட்டும் எடுத்தால்? ஒரு சொட்டும் கொட்டாமல், கல்லை மட்டும் மெதுவாக வெளியே தூக்கி, ஈரச்சாக்கில் சுற்றி, கடைக்காரரின் வாசலில் வைத்துவிட்டால்? கடைக்காரரிடம் கல்லைத் தள்ளிவிட்ட அந்த அம்மாளும் ஏறக்குறைய அதைத்தான் செய்திருக்கிறாள். அவள் வீட்டில் யார் கர்ப்பமாக இருந்தார்கள், என்ன ஆயிற்று என்ற கேள்வி எழுந்ததும் அதை அப்படியே அமுக்கினான்.

கதவைத் திறந்தபோது கூடம் மூச்சு விட்டது. அப்படித்தான் இருந்தது, உள்ளிருந்து ஈரமும் வெதுவெதுப்புமான காற்று முகத்தில் பட்டு அவனைத் தாண்டி வெளியே போனது. சுவர்கள் வியர்த்திருந்தன. சோபாவின் மெத்தையில் மனைவி படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. தொட்டியின் விளக்கு தன் நேரத்துக்குத் தானே எரிந்து, கூரை முழுக்க நீல நரம்புகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தது. மற்ற விளக்குகளைப் போடவேண்டும் என்று நினைத்தான். போடவில்லை.

தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டது. விளிம்பையும் தாண்டி, ததும்பி, வழியாமல், கண்ணாடிக்கு மேலே மெல்லிய முதுகாக வளைந்து நின்றது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்றிய பாட்டில்கள் எல்லாம் எங்கே போயின என்று இப்போது தெரிந்தது. நத்தை இல்லை. நண்டு இல்லை. கல்லும் அதன் மேல் மூடிய காளான் மடிப்பும் மட்டும். ஏறியது. இறங்கியது.

காதில் எதையும் வைக்கவேண்டியிருக்கவில்லை. அறை முழுக்கக் கேட்டது. டக்கு டக்கு டக்கு டக்கு.

மூடியை எடுத்துத் தரையில் வைத்தான். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஸ்டாண்டின் ஓரத்தில் வைத்தான். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினான். வழியக்கூடாது. மெதுவாக. விரல் நுனி. விரல். மணிக்கட்டு. தண்ணீரின் முதுகு இன்னும் கொஞ்சம் உயர்ந்து, நடுங்கி, பிடித்து நின்றது. முழங்கை. கல்லின் அடியைத் தேடி விரல்கள் மணலில் தடவின. கிடைக்கவில்லை. பக்கவாட்டில் நகர்த்தினான். மடிப்புகள் விரல்களைத் தொட்டன. நாக்கு மாதிரி. விலகி வழிவிட்டன.

குழி. அதன் வழவழப்பு. உள்ளே கல் இல்லை.

மிருதுவாக. சூடாக. அவன் ஆள்காட்டி விரலைச் சுற்றி ஒன்று வளைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மிகச் சின்னவை. ஒவ்வொன்றின் நுனியிலும் நகம்.

பிடித்துக்கொண்டது.

போன் அடித்தது.

அவன் கத்தினானா என்று அவனுக்கே தெரியவில்லை. இடது கைவிரலால் போனின் மேல் தேய்த்தான். மனைவியின் குரல் ஸ்பீக்கரில் அறைக்குள் வந்தது. பல நாட்களாக இல்லாத தெம்போடு.

"ஏங்க! குட்டி அசையறான்ங்க! ரெண்டு நாளா அசையாம உயிரை எடுத்துக்கிட்டிருந்தான்ல, இப்ப பாருங்க. எதையோ எட்டிக் கெட்டியா பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. அக்கா கீழ மருந்து வாங்கப் போயிருக்கா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, அதான் உங்களுக்கு... கேக்குதா?"

"கேக்குது."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. விரலைச் சுற்றிய பிடி, பதில் சொல்வதுபோல், ஒருமுறை அழுத்தியது. போனில் மனைவி "ஹா" என்று சிரித்தாள்.

அப்போதுதான் பார்த்தான். தன் கை. தோள்வரை உள்ளே இருக்கிற தன் கை. நிறைந்த பாத்திரத்தில் கையை விட்டால் என்ன ஆகும்? தண்ணீரின் முதுகு உடைந்தது. முன்பக்கக் கண்ணாடியில் ஒரு கோடு இறங்கியது. சத்தமில்லாமல். பிறகு இரண்டாவது கோடு. அவன் காலில் வெதுவெதுப்பாக விழுந்தது.

"ஏங்க..." சிரிப்பு போய்விட்டிருந்தது. "கீழ ஈரமா இருக்குங்க."

"அசையாதே" என்றான். "அசையாம படு. நர்ஸைக் கூப்பிடு."

"தண்ணி... ஐயோ, தண்ணி போகுதுங்க. நிக்க மாட்டேங்குது."

இழுத்தான். பிடி விடவில்லை. இழுத்த இழுப்பில் அலை எழுந்து பட்டையாகத் தரையில் அறைந்தது. போனில் அவள் அலறினாள். நிறுத்தினான். அசையாமல் நின்றான். அசையாமல் நின்றபோதும் வழிந்தது. கை உள்ளே இருக்கும்வரை வழியும். பிடி விடும்வரை கை உள்ளேதான். தூரத்தில் யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம், கட்டில் சக்கரம் உருளும் சத்தம், டாக்டரைக் கூப்பிடுங்க என்று ஒரு குரல்.

டக்கு டக்கு டக்கு டக்கு.

"விடு" என்றான் தண்ணீரைப் பார்த்து. "விடுடா கண்ணு. விட்டுடு."

காளான் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. நீல வெளிச்சம் குழிக்குள் இறங்கியது. உள்ளே சுருண்டு கிடந்தது, குரல் வந்த திசைக்கு, மெல்ல முகத்தைத் திருப்பியது.

மனைவியின் மூக்கு. அவனுடைய நெற்றி.

கண் இன்னும் திறக்கவில்லை. பிடி மட்டும் இறுகியது.